இரண்டாம் கோடு

"பனி இன்னும் வெலகலையா புள்ள?"

முற்றத்துப் பாறையில் காயப்போட்ட கேழ்வரகைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெருமாயி சட்டென்று நின்றாள். உச்சி வெயில் நேரம். பாறைச் சூடு பொறுக்காமல் கால் மாற்றிக் கால் வைக்க வேண்டியிருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கிடந்த குழந்தைவேலின் முகத்தில் அந்த வெயில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. அவன் கண் துளிக்கூடச் சுருங்கவில்லை.

"என்னா சொன்னீங்க?"

"பனியச் சொல்றேன். காலைல புடிச்சு மூடிக்கிட்டே கெடக்குது. பலாமரங்கூடத் தெரியல. மார்கழிலகூட இப்படி எறங்கி நான் பாத்ததில்ல."

பலாமரம் கட்டிலுக்குப் பத்தடி தள்ளி நின்றது. அதில் உட்கார்ந்திருந்த மைனாக்களை அவளால் எண்ணிவிட முடியும். மெல்லக் கிட்டே போய் அவன் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். அவன் பாட்டுக்கு அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தான். வயிறு பிசைகிறது என்றான். மருந்து உள்ளே போனால் பித்தம் கிளம்பத்தானே செய்யும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வெந்நீர் கொடுத்திருந்தாள். இப்போது அவன் மூச்சைக் கவனித்தாள். படுத்த இடத்திலேயே, மலையேறி வந்தவன் மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"இருங்க, இதோ வாரேன்" என்று உள்ளே போனாள். அடுப்புக்குப் பின்னால் சாமைப் பானை மறைவில் ஒளித்து வைத்திருந்த பழுப்புப் பாட்டிலை எடுத்தாள். முக்கால்வாசி காலி. மடியில் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஊருக்கு மேற்கே ஆளில்லாமல் கிடந்த ஓட்டுக் கொட்டகையில்தான் அருணாசலம் ஒன்றரை மாதமாகத் தங்கியிருந்தார். சென்னையில் ஒரு காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். முடவாட்டுக்கால் கிழங்குக்காக மலையேறி வந்தவர். பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு, ஆட்டுக்கால் மாதிரிப் பழுப்பு மயிரோடு வளர்கிற கிழங்கு அது. கைகால் வீங்கினால் அதைச் சீவிச் சாறு வைத்துக் குடிப்பது கொல்லிமலையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அதற்குள் இருக்கிற எந்தச் சத்து வீக்கத்தை வடிக்கிறது என்று மலையில் ஒருத்தரும் கேட்டதில்லை. வீக்கம் வடிந்தால் போதாதா? அருணாசலத்துக்குப் போதவில்லை. அந்தச் சத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கையில் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணாடிக் குடுவையும் குழாயுமாகக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

கிழங்கு பெயர்த்துக் கொடுத்தவன் குழந்தைவேல். வழுக்குப் பாறையில் பல்லி மாதிரி ஏறுவான். மயிர் சீவி, நறுக்கி, இடித்துக் கொடுப்பது பெருமாயியின் வேலை. இடித்ததை ஸ்பிரிட்டில் ஏழு நாள் ஊறப்போட்டு வடிகட்டுவார். ஒரு நாள் வெயிலில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்: "வேண்டாத நாரும் மாவும் சக்கையோட போயிடும், பெருமாயி. ஒரு சாக்குக் கிழங்கோட உசுரு இதுக்குள்ள இருக்கு." சென்னையில் எலிகளின் காலை ஊசி போட்டு வீங்க வைத்து, இந்தச் சாற்றிலிருந்து எடுத்த சத்தைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிகிறது என்றும் சொன்னார்.

அந்த வாரமே குழந்தைவேலுக்கு வலது முட்டி பழையபடி வீங்கிக்கொண்டது. வருஷா வருஷம் வருவதுதான். கிழங்குச் சாறு ஒரு மண்டலம் குடித்தால் பாதி வடியும். இந்தத் தரம் காலை நீட்டவே முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து முனகுவான். அவள் அருணாசலத்திடம் கேட்டுப் பார்த்தாள். "மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்மா" என்றார். இரண்டு வருஷம் என்பது கொடுக்க மனசில்லாதவர்கள் சொல்கிற சாக்கு என்று அவள் நினைத்தாள். எலிக்குக் கொடுப்பாராம், என் புருஷனுக்குக் கொடுக்க மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஒரு பாட்டில் அவள் மடிக்குள் வந்துவிட்டது.

இப்போது அதே பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"அய்யா, இதுலருந்து எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்துட்டேனுங்க."

அருணாசலம் அவளைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"மூணு வேளைங்க. முந்தாநாள் ஒண்ணு, நேத்து ரெண்டு. லோட்டாவுல பாதிப் பாதி. நேத்தெல்லாம் நல்லாத்தான் இருந்தாரு. கால நீட்டினாரு, சிரிச்சாரு. இப்ப பனி மூடிருக்குதுங்கறாரு."

அருணாசலம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்ததுமே பெருமாயிக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் காதில் ஏதோ தூரத்துச் சத்தமாகத்தான் விழுந்தது. நல்ல ஸ்பிரிட்டுக்கு மதுவிலக்கு இலாகாவில் பர்மிட் கிடைக்கவில்லை. அதனால் மர ஸ்பிரிட்டைக் கொண்டுவந்திருக்கிறார். அது விஷம். காய்ச்சி, ஸ்பிரிட்டையெல்லாம் ஓட்டிய பிறகு அடியில் தங்குவதுதான் மருந்து. அதுவரைக்கும் பாட்டிலில் இருப்பது சாவு.

"லேபிள்ல சிவப்பு மையில பெரிசா எழுதியிருக்கேனே!"

"குங்குமங் கணக்கா இருந்துச்சுங்க. நல்ல எழுத்துன்னு நெனச்சுட்டேன்."

"நான் வாயால சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச நேரமில்லை.

"கேளு. அடிவாரத்துக் காரவள்ளிக்குத் தூக்கிட்டு எறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தாங்காது. இந்த விஷத்துக்கு மாத்து ஒண்ணுதான் இருக்கு. சாராயம். நல்ல சாராயம் உள்ள போனா இதை வேலை செய்ய விடாது. படிச்சிருக்கேன். எங்கேயாவது கிடைக்குமா?"

சாராயமா! பெருமாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோரோசனை, கஸ்தூரி என்று ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்து நின்றவள் அவள். இந்த மலையில் குடிதண்ணீருக்கு அடுத்தபடி கிடைப்பது சாராயம்தானே. அரசாங்கம் மதுவிலக்கு போட்டு எத்தனையோ வருஷமாகிறது. அரியூர் நாட்டில் எந்த அடுப்பும் அதற்காக அணைந்ததில்லை.

"கெடைக்குமுங்க! இந்தா, பத்து ஊட்டுல இருக்குது."

அருணாசலம் அலமாரியிலிருந்து கோடு போட்ட அளவுக் கிளாஸ் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "இதுல ரெண்டாவது கோடு வரைக்கும். மணிக்கு ஒரு தரம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். குடுத்துக்கிட்டே கீழே எறக்கலாம். வா, நானும் வரேன்."

அவர் கூட வந்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

போன மாதம் நடந்ததை அந்த நிமிஷத்தில் பெருமாயி மறந்திருந்தாள். அருணாசலம் மலைக்கு வந்த எட்டாம் நாள், வழிப்போக்கன் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புசாமி வீட்டு வாசலில் சுருண்டு விழுந்தான். "உசுரு போவுது தாயி, ஒரு மடக்கு சாராயம் ஊத்துனா நின்னுரும்" என்று கதறினான். குப்புசாமி பெண்டாட்டி முனியாயி இரக்கப்பட்டு ஊற்றினாள். குடித்து முடித்ததும் அவன் மடியிலிருந்து விசில் வந்தது. வேலிக்குப் பின்னாலிருந்து பத்துப் போலீஸ்காரர்கள் எழுந்தார்கள். அத்தனை வீட்டுப் பானையையும் உடைத்தார்கள். குப்புசாமியை அவன் தலைத்துண்டாலேயே கை கட்டிக் கீழே கொண்டுபோனார்கள். ஸ்பிரிட் வாடை ஆளைத் தூக்குகிற அருணாசலத்தின் கொட்டகையை மட்டும் அவர்கள் தொடவில்லை. அவரிடம் காலேஜ் முத்திரை குத்திய காகிதம் இருந்தது. நம் பானை உடைகிறது, இந்த மனுஷன் குடுவை மட்டும் உடையவில்லையே என்று ஊர் பார்த்தது. பார்த்து மனசில் வைத்துக்கொண்டது.

இப்போது முதலில் போனதும் அந்த வீட்டுக்குத்தான். முனியாயி வாசலில் இருந்தாள். பெருமாயி பேச வாயெடுப்பதற்குள் அருணாசலம் முந்திக்கொண்டார்.

"அம்மா, ஒரு உயிர் போயிட்டிருக்கு. கொஞ்சம் சாராயம் வேணும்."

முனியாயி அவருடைய கால்சட்டையைப் பார்த்தாள். தோல் பையைப் பார்த்தாள். பிறகு பெருமாயியைப் பார்த்தாள்.

"ஒருக்கா வயித்துவலிக்காரனுக்கு ஊத்துனேன். எம்புருசன் இன்னும் செயில்ல கெடக்கறான். நீயுமா பெருமாயி?"

கதவு சாத்திக்கொண்டது. பெருமாயி தட்டத் தட்ட உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

அடுத்த வீட்டில் யாரும் இல்லை என்றார்கள், வீட்டுக்குள்ளிருந்தே. அதற்கடுத்து சின்னான் வீடு. சின்னான் குழந்தைவேலின் கூடப்பிறந்த அண்ணன். அவன் காய்ச்சும் கடுக்காய்ச் சரக்குக்குப் பைல் நாட்டிலிருந்தெல்லாம் ஆள் வரும். வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். அருணாசலம் கேட்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வெகு மரியாதையாக எழுந்து நின்றான்.

"சாராயமுங்களா? அது என்னா கலருங்க?"

"விளையாடாதீங்க. உங்க தம்பிக்குத்தான்."

"எங்கப்பன் காலத்துல இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. நாங்க கண்ணால பாத்ததில்லீங்க."

"மாமா, அவருக்கு முடியலீங்க. கண்ணு தெரியல" என்றாள் பெருமாயி.

"முடியலன்னா கெழங்குச் சாறு வெச்சுக் குடு. அதான் அய்யா கூட இருக்கறாரே, பெரிய மருந்துக்காரரு."

சின்னானின் உதட்டில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை. நேற்று சாயங்காலம்தான் தம்பி வேலியோரம் நின்று பேசியதைப் பார்த்திருக்கிறான். காலை நீட்டி நடந்ததையும் பார்த்திருக்கிறான். அப்படியிருக்க, இன்று உயிர் போகிறதாம், சாராயம் கொண்டா என்கிறார்களாம். போன மாதம் வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவை ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதானே?

பெருமாயிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் பக்கத்தில் நிற்கிறவரை ஒரு சொட்டு பெயராது.

"அய்யா, நீங்க ஊட்டுக்குப் போங்க. அவருகிட்ட இருங்க" என்றாள். அவர் தயங்கினார். "போங்கன்னு சொல்றேன்!" அவள் தன் வாழ்நாளில் ஒரு பேண்ட் போட்டவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் அளவுக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அவர் முதுகு மறையும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். சின்னான் மறுபடி மூங்கிலைப் பிளக்க ஆரம்பித்திருந்தான்.

"மாமா, அவரு போயிட்டாருங்க. இப்பக் குடுங்க."

"போயி வேலிக்குப் பின்னால நிப்பாரு. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது பெருமாயி."

அவளுக்கு வேறு வழி இல்லை. சொன்னால் கொலைகாரி. சொல்லாவிட்டால் புருஷன் செத்துப்போவான்.

"நாந்தான் குடுத்தேன் மாமா. மருந்துன்னு அவரு கொட்டாயிலருந்து திருடிக்கிட்டு வந்து குடுத்தேன். அது வெசமாம். என் கையால ஊத்துனேன். மூணு வேள. சாராயங் குடுத்தா பொழைக்குமாம். என்னைய வெட்டணும்னா அப்பறம் வெட்டிக்குங்க, இப்ப குடுங்க."

மூங்கில் பாதி பிளந்தபடி நின்றது. சின்னான் அவள் முகத்தையே பார்த்தான். அப்படி ஒரு முகத்தைப் போலீஸ்காரன் சொல்லிக்கொடுத்து யாரும் வைத்துக்கொள்ள முடியாது.

"ஊட்டுல இல்ல" என்றான். "நெசமாத்தான் சொல்றேன். உடைச்சாங்கல்ல, அதுக்கப்பறம் ஊட்டுல யாரும் வெக்கறதில்ல. சோலைக்கு அந்தப்பக்கம் ஓடையில பொதச்சிருக்குது."

போய்வர ஒன்றரை மணி நேரம். முதல் தடவை கேட்டபோதே கிளம்பியிருந்தால் பாதி தூரம் போயிருப்பான். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. சின்னான் மேல்துண்டை உதறிப் போட்டுவிட்டு ஓடினான்.

வீட்டில் அருணாசலம் கட்டிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தைவேலின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். தலைமாட்டில் அளவுக் கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பெருமாயி மறுபக்கம் உட்கார்ந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

"யாரு கையி இது?"

"நாந்தாங்க."

"எங்க போன? அய்யா வந்திருக்கறாரு. ஒரு வாய்த் தண்ணி குடுத்தியா?"

"குடுக்கறேனுங்க."

"அய்யா," குழந்தைவேல் மூச்சை இழுத்துக்கொண்டான். "பனி வெலகட்டும். நாளைக்கு வழுக்குப் பாறைக்கு ஏறிர்றேன். முட்டி வலி சுத்தமாப் போச்சுங்க. இவ ஏதோ மருந்து குடுத்தா. எங்க வாங்குனான்னு சொல்ல மாட்டேங்கறா." சிரிக்கப் பார்த்தான். "மூணே வேள. கெட்டிக்காரி."

பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். நான் உன்னைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் அவன் இவளை மெச்சிக்கொண்டே போவான். அது அவளால் தாங்கக்கூடியதாக இல்லை. அருணாசலம் அவளைப் பார்த்தார். அவள் முந்தானையால் அவன் நெற்றியை ஒற்றினாள்.

வெயில் முற்றத்துப் பாறையை விட்டு இறங்கியது. கேழ்வரகை வந்து கோழி கிளறியது. அவள் எழுந்து விரட்டவில்லை. அவன் பேச்சு குறைந்து, மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அவள் கண் ஒற்றையடிப் பாதையிலேயே இருந்தது.

கடைசியில் சின்னான் தெரிந்தான். தோளில் பானை. பானையெல்லாம் ஈர மண். மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறி வந்துகொண்டிருந்தான். "மாமா வந்துட்டாருங்க, கண்ணத் தொறங்க, மாமா வந்துட்டாரு" என்று அவள் கையை உலுக்கினாள். பலாமரத்தடிக்கு அவன் வந்தபோது அருணாசலம் பிடித்திருந்த மணிக்கட்டை மெல்லக் கட்டில்மேல் வைத்தார். சின்னான் பானையை இறக்காமல் அப்படியே நின்றான். மூச்சிரைப்பு அவனுடையது மட்டும்தான் கேட்டது.

பெருமாயி போட்ட கூச்சலில்தான் ஊர் கூடியது.

"நான் கீழே போய் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடறேன். தப்பு என்னுது" என்றார் அருணாசலம், சின்னானிடம் தனியாக.

"ஒண்ணும் எழுதாதீங்க. போலீசு வந்தா மொதல்ல பானையத்தான் தேடுவாங்க. அப்பறம் இவள." சின்னான் பெருமாயி பக்கம் திரும்பாமலே சொன்னான். "காய்ச்சல்ல போயிட்டான். யாரு கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன். நீயும் அப்படியே சொல்லு புள்ள."

அவன் இவளுக்காகச் சொல்கிறானா, தனக்காகச் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் குழி வெட்டினார்கள். சாவு வீட்டில் குழி வெட்டுகிறவர்களுக்கும் தூக்குகிறவர்களுக்கும் ஊற்றாமல் முடியாது. அது மலை வழக்கம். எந்தச் சட்டமும் அதை மாற்றியதில்லை. சாவு வீட்டுக்குப் போலீஸ் வராது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பலாமரத்தடிக்குப் பானைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நேற்று ஆளில்லாமல் இருந்த வீட்டிலிருந்து ஒன்று வந்தது. முனியாயி முந்தானையால் மூடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை இறக்கி வைத்துவிட்டுப் பெருமாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெஞ்சு வெடிக்க அழுதாள். பெருமாயிக்கு அழுகை வரவில்லை. பானைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு.

குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். சின்னான் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினான். கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நேராகக் கிடந்தன. வலது முட்டியில் வீக்கமே இல்லை. சில்லு எலும்பு வட்டமாக, தெளிவாகத் தெரிந்தது. வேலிக்கு வெளியே தலையில் துண்டோடு நின்றிருந்த அருணாசலத்தின் பார்வை அந்த முட்டியில் போய் நின்றது. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பென்சிலைத் தொட்டதும் சுட்டதுபோல் இறங்கியது. பெருமாயி இரண்டையும் பார்த்தாள். வேட்டியை இழுத்து முட்டியை மூடினாள்.

"அவனுக்கும் ஒரு வாய் ஊத்தணும். பொஞ்சாதி ஊத்தட்டும்" என்றான் சின்னான். கொட்டாங்குச்சியில் மொண்டு நீட்டினான்.

பெருமாயி அதை வாங்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். நேற்று யாரோ எடுத்து மாடத்தில் வைத்திருந்த அளவுக் கிளாஸோடு திரும்பி வந்தாள். அதைப் பானையில் விட்டு மொண்டாள். கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டாம் கோட்டுக்கு மேலே ஒரு நூலளவு கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலைத் திரும்பப் பானையிலேயே ஊற்றினாள். இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள்.

பிறகு குனிந்து, ஒரு கையால் அவன் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கொடுத்தாள்.